கூச்சலுக்கு அஞ்சும் பெண் நர்ஸ் ஆகலாமா?

பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளியானதும் நம் வீடுகளில் ஒரு சிறு மகாநாடு கூடுவது வழக்கம். அத்தை, மாமா, சித்தப்பா, எதிர் வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் ஆகிய எல்லோரும் அதில் அங்கத்தினர்கள். பெண் உயிரியல் பாடம் எடுத்தவள், டாக்டர் படிப்புக்கு மார்க் போதாது என்றால், "நர்ஸிங்கில் சேர்த்துவிடுங்கள்" என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறிவிடும். மதிப்பான வேலை, உள்ளூரில் இல்லாவிட்டாலும் வெளியூரில், வெளிநாட்டில் கிடைக்கும். இதற்கு யார் மறுப்புச் சொல்லப் போகிறார்கள்?

ஆனால் சில வீடுகளில் மகாநாடு அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. அந்தப் பெண் விருந்தாளி வந்தால் அறைக்குள் போய்விடுவாள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வாள். பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டாள். அதே சமயம், பாட்டியின் மாத்திரைகளை வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பவளும் அவள்தான். வாங்கி வந்த மாத்திரையின் நிறம் போன மாதத்ததிலிருந்து கொஞ்சம் வேறாக இருந்தால், "கடையில் கேட்டுவிட்டு வாருங்கள் அப்பா" என்று தகப்பனாரைத் திருப்பி அனுப்பாமல் விட மாட்டாள். நர்ஸ் ஆக வேண்டும் என்பது மற்றவர்கள் அவளுக்காகச் செய்த தீர்மானம் அல்ல. அவளே விரும்பிக் கேட்பது.

"நர்ஸா? மனுஷர்களோடு பழகவே தெரியாத பெண்ணுக்கா?" என்று அத்தை கேட்கிறாள். தாயார் பதில் பேசாமல் இருக்கிறாள். ஏனென்றால், பெண்ணுக்கு இருப்பது ஆட்டிஸம் என்று டாக்டர் சொல்லியிருப்பது அவளுக்குத்தான் தெரியும்.

பெண்ணின் இடத்தில் பையனை வைத்துக்கொண்டாலும் விஷயம் ஒன்றுதான். அத்தையின் கேள்வியில் கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குச் சரியான பதில் இருக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஆட்டிஸம் என்பது என்ன?

ஆட்டிஸம் என்பது ஜுரம் போல் வந்து போகும் வியாதி அல்ல. பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் இதைப் பற்றி விவரமாக எழுதினார். மறு வருஷமே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்பவர், நன்றாகப் பேசவும் படிக்கவும் கூடிய, ஆனால் பிறருடன் பழகுவதில் சங்கடப்பட்ட சிறுவர்களைப் பற்றி எழுதினார். 1981-ல் லண்டன் டாக்டர் லோர்னா விங் இந்த இரண்டாவது வகையை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 2013-லிருந்து அமெரிக்க மனநல மருத்துவர்களின் வகைப்பாட்டில் எல்லாம் ஒரே பெயரில் அடங்கிவிட்டன.

பேச்சே வராமல், வாழ்நாள் முழுவதும் துணை வேண்டியவர்களும் இந்தப் பெயருக்குள் இருக்கிறார்கள். பட்டம் வாங்கி உத்தியோகம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். நாம் இங்கே பேசுவது பிந்தியவர்களைப் பற்றி. அவர்களிலும் பெண்கள் பலர் பள்ளிக்கூடத்தில் "அடக்கமான பெண்" என்று பெயர் வாங்கிவிடுவதால், முப்பது நாற்பது வயது வரை தங்கள் நிலை தங்களுக்கே தெரியாமல் இருந்துவிடுகிறார்கள். ஆகவே, இன்றே நம் ஆஸ்பத்திரிகளில் வெள்ளை உடுப்போடு நடமாடும் சிலருக்கு ஆட்டிஸம் இருக்கக்கூடும். அவர்களுக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

அன்பு இல்லாதவர்களா?

அத்தையின் ஆட்சேபத்தில் முக்கியமானது இதுதான். நர்ஸ் என்றால் நோயாளியின் துயரம் புரிய வேண்டும். முகம் பார்க்காதவளுக்கு மனம் எப்படிப் புரியும்?

இந்தக் கேள்வியை டேமியன் மில்டன் என்ற ஆங்கில அறிஞர் 2012-ல் திருப்பிப் போட்டார். அவரும் ஆட்டிஸம் உள்ளவரே. இருவர் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளவில்லை என்றால், குறை ஒருவரிடம் மட்டும் இருப்பதாக ஏன் சொல்ல வேண்டும்? நமக்கும் அவர்களைப் புரியவில்லையே! இது இரண்டு பக்கமும் உள்ள சங்கடம் என்றார் அவர்.

2020-ல் எடின்பரோ ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குப் பொருந்தி வருகிறது. குழந்தைகள் ஒரு சேதியைக் காதில் சொல்லி ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கடத்தும் விளையாட்டு நமக்குத் தெரியும் அல்லவா? அதைப் போல 72 பேரை எட்டெட்டுப் பேராக வரிசைப்படுத்தி ஒரு கதையைக் கடத்தச் சொன்னார்கள். ஆட்டிஸம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசைகளில் கதை மற்றவர்களின் வரிசைகளைப் போலவே ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. இரு வகையினரையும் கலந்து நிறுத்திய வரிசைகளில்தான் அதிகமாகச் சிதைந்தது.

முகத்தைப் பார்க்காதவளுக்கு இரக்கம் இல்லை என்று முடிவு கட்டுவது தவறு. இவர்களில் பலருக்குப் பிறர் துயரம் அளவுக்கு மீறியே தாக்குகிறது. அதை முகத்தில் காட்டும் சம்பிரதாயம்தான் கைவருவதில்லை. படுக்கையில் இருப்பவருக்கு வேண்டியது இனிமையான முகம் மட்டும் அல்ல. சொன்ன நேரத்துக்கு வரும் ஊசி, உள்ளதை உள்ளபடி சொல்லும் வாய், பாதியில் மறக்காத கை ஆகியவையும் வேண்டும்.

விதியை விடாத குணம்

நர்ஸிங் படிப்பின் ஆரம்பத்திலேயே மருந்து கொடுப்பதற்கு ஐந்து சரிகளைச் சொல்லிக் கொடுப்பார்கள். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். நூறாவது தடவையும் முதல் தடவை போலவே இந்த ஐந்தையும் பார்க்க வேண்டும். பழகிவிட்டது என்ற மிதப்பில் ஒன்றை விட்டுவிடுவது மனித சுபாவம். ஒரே வரிசையில் ஒரே காரியத்தைச் செய்வதில் மனநிறைவு காணும் சுபாவம் உள்ளவருக்கோ, விட்டுவிடுவதுதான் கஷ்டம்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் பீட்டர் ப்ரொனோவோஸ்ட் என்ற டாக்டர் 2001-ல் ஒரு காரியம் செய்தார். நோயாளியின் பெரிய ரத்தக் குழாயில் டியூப் செருகும்போது டாக்டர் செய்ய வேண்டிய ஐந்து காரியங்களை ஒரு தாளில் எழுதினார். கை கழுவுதல், தோலை மருந்தால் துடைத்தல் போன்ற சாதாரணக் காரியங்கள்தாம். ஆனால் டாக்டர் ஒன்றை விட்டுவிட்டால் அவரை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை நர்ஸ்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு மிச்சிகன் மாகாணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதை மற்றச் சீர்திருத்தங்களுடன் அமல் நடத்தினார்கள். டியூப் வழியாக ரத்தத்தில் கிருமி பரவுவது 66 சதவிகிதம் வரை குறைந்தது என்று 2006-ல் அறிக்கை வந்தது.

"பெரியவர் ஆயிற்றே, எப்படிச் சொல்வது?" என்ற தயக்கம் நம்மில் பலருக்கு உண்டு. "டாக்டர், இன்னும் கை கழுவவில்லையே" என்று நேராகச் சொல்லிவிடும் பெண்ணை வீட்டில் மரியாதை தெரியாதவள் என்பார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் அவள் ஓர் உயிரைக் காப்பாற்றியவள் ஆகிறாள்.

டியூட்டி மாறும்போது நோயாளியின் விவரத்தை அடுத்தவரிடம் ஒப்படைப்பதற்கும் இப்போது ஒழுங்கு வந்துவிட்டது. நிலைமை, பின்னணி, மதிப்பீடு, செய்ய வேண்டியது என்று நான்கு படிகளில் சொல்வது அது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்த பழக்கத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்களுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு ஏது?

வார்டு என்னும் சோதனை

இதெல்லாம் ஒரு பக்கம். மறு பக்கத்தை மறைப்பது பெண்ணுக்குச் செய்யும் துரோகமாகும்.

முதல் எதிரி சத்தம். நோயாளியின் அறையில் 35 டெசிபலுக்கு மேல் சத்தம் இருக்கலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1999-ல் வழிகாட்டியது. அது கிசுகிசுப்பான பேச்சின் அளவு. நம் ஆஸ்பத்திரிகளில் டிராலி உருளும் சத்தமே அதைத் தாண்டிவிடும். மானிட்டர்களின் மணி, இரும்புக் கட்டில் இழுபடும் ஓசை, "சிஸ்டர், சிஸ்டர்!" என்று நாலா பக்கத்திலிருந்தும் குரல்கள், படுக்கைக்கு மூன்று பேராக நிற்கும் உறவினர்கள், இவற்றோடு பினாயில் நெடியும் ஸ்பிரிட் நெடியும். மற்றவர்கள் ஒரு வாரத்தில் பழகிக்கொள்கிறார்கள். ஆட்டிஸம் உள்ளவருக்கு ஒவ்வொரு நாளும் முதல் நாளாகவே இருக்கும்.

இரண்டாவது எதிரி, சொல்லாமல் சொல்லும் உத்தரவு. "அந்தப் பெட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளம்மா" என்று ஹெட் நர்ஸ் சொல்லிவிட்டுப் போகிறார். ஜுரம் பார்ப்பதா, சலைன் மாற்றுவதா, உறவினரை வெளியே அனுப்புவதா? மற்ற மாணவிகள் அவர் முகக் குறிப்பிலிருந்து தெரிந்துகொள்வார்கள். இவளோ கட்டிலருகே நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அலட்சியக்காரி என்ற பெயர் வந்து சேரும்.

மூன்றாவது, முறை மாறும் டியூட்டி. காலை, மாலை, இரவு என்று வாரத்துக்கு வாரம் மாறினால் எவருக்கும் தூக்கம் கெடும். ஆட்டிஸம் உள்ளவர்களில் பலருக்கு ஏற்கெனவே தூக்கம் சரியாக வருவதில்லை. இரவில் கூட்டமும் கூச்சலும் குறைவு என்பதால் இரவு டியூட்டியை விரும்புவோரும் உண்டு. ஆனால் நிரந்தரமாக இரவு, அல்லது நிரந்தரமாகப் பகல் என்றால்தான் அது உதவும்.

இன்னொன்றும் உண்டு. வேலையில் மூழ்கிவிட்டால் தம் பசியும் தாகமும் இவர்களில் சிலருக்குத் தெரிவதே இல்லை. மணி பார்த்துத் தண்ணீர் குடிக்கும் பழக்கத்தை வீட்டிலேயே ஏற்படுத்திக்கொள்வது நல்லது.

எந்தப் பகுதி, எந்த வேலை?

ஆகவே "நர்ஸ் ஆகலாமா?" என்று கேட்பதைவிட, "எந்தப் பகுதியில், எந்த முறையில்?" என்று கேட்பதே பொருத்தம்.

ஆபரேஷன் தியேட்டரில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடமும் ஒரு வேலையும் உண்டு. கருவிகளையும் பஞ்சையும் எண்ணி வைப்பதும் முடிந்தபின் மீண்டும் எண்ணுவதும் அங்கே சட்டம். டயாலிஸிஸ் பிரிவில் அதே நோயாளிகள் குறித்த கிழமைகளில் வருகிறார்கள். முன்பின் தெரியாத முகங்கள் குறைவு. ஆஸ்பத்திரிக் கிருமித் தொற்றைக் கண்காணிக்கும் நர்ஸுக்குக் கணக்கும் கவனமும்தான் மூலதனம். விபத்துப் பிரிவு எல்லோருக்கும் ஒத்து வராது. ஆனாலும் அபாயம் வரும்போது மற்றவர்களைவிடத் தெளிவாக இருக்கும் சிலர் அங்கேதான் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆட்டிஸம் உள்ள ஒருவரைப் பார்த்து மற்றொருவரை அளக்கக் கூடாது.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். பி.எஸ்ஸி. நர்ஸிங் நான்கு வருஷம். டிப்ளமா மூன்று வருஷம். அந்தக் காலத்தில் மாணவி தனக்குப் பிடித்த வார்டைப் பொறுக்க முடியாது. பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு, மனநலப் பிரிவு, கிராம சேவை என்று எல்லாவற்றையும் சுற்றி வந்தாக வேண்டும். பிடித்த இடத்துக்கு வழி இந்தக் கூட்டத்தின் நடுவேதான் போகிறது.

அது முடியாது என்று தோன்றினால் வைத்தியத் துறையில் வேறு கதவுகளும் உண்டு. ரத்தப் பரிசோதனைக் கூடம், ரத்த வங்கி, எக்ஸ்-ரே, ஸ்கேன், மருந்தாளர் வேலை, கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யும் பிரிவு, நோயாளிகளின் பதிவேடு ஆகியவை இருக்கின்றன. இவற்றை மட்டமாக நினைக்க வேண்டாம். ரத்தத்தின் வகையைத் தவறாமல் சொல்பவர் இல்லாவிட்டால் டாக்டரின் கத்தி என்ன செய்யும்?

விண்ணப்பம் போடுமுன் ஒரு யோசனை. தெரிந்தவர் மூலமாக அனுமதி பெற்று, டாக்டர் ரவுண்டு வரும் காலை வேளையிலும் பார்வையாளர் வரும் மாலை வேளையிலும் ஒரு வார்டில் சில நாட்கள் உட்கார்ந்து பார்க்கட்டும். கல்லூரி விளம்பரம் சொல்லாததை அந்தச் சில மணி நேரம் சொல்லிவிடும்.

மறைப்பதன் விலை

அயர்லாந்தில் மேரி டோஹெர்ட்டி என்ற அம்மையார் மயக்க மருந்து நிபுணர். நெடுநாள் டாக்டராக வேலை பார்த்த பின்னரே தமக்கு ஆட்டிஸம் இருப்பதை அறிந்துகொண்டவர். 2019-ல் தம்மைப் போன்ற டாக்டர்களுக்காக ஒரு சர்வதேசச் சங்கத்தைத் தொடங்கினார். நூற்றுக்கணக்கானோர் அதில் சேர்ந்தார்கள். "டாக்டருக்கு ஆட்டிஸமா?" என்று வியந்தவர்களுக்கு அந்த எண்ணிக்கையே பதில்.

அந்தச் சங்கத்தைச் சேர்ந்த 225 டாக்டர்களிடம் விசாரித்து 2023-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. தம்முடன் வேலை பார்த்த இன்னொரு டாக்டருக்கும் ஆட்டிஸம் இருக்கலாம் என்று சந்தேகித்தவர்கள் 80 சதவிகிதம். அப்படி ஒருவரை வெளிப்படையாக அறிந்திருந்தவர்கள் 22 சதவிகிதமே. மற்றவர்களில் பலர் அதை மறைத்துக்கொண்டோ, தாமே அறியாமலோ வாழ்ந்திருக்கலாம். அதே விசாரணையில் 77 சதவிகிதம் பேர் வாழ்நாளில் எப்போதாவது தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். 24 சதவிகிதம் பேர் முயன்றும் இருக்கிறார்கள். ஒரு சங்கத்தாரிடம் எடுத்த கணக்கை எல்லோருக்கும் பொருத்திவிடக் கூடாதுதான். ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய கணக்கா இது?

எட்டு மணி நேரம் பிறரைப் போல் சிரித்து, பிறரைப் போல் பேசி, காதைப் பிளக்கும் சத்தத்தைக் கேளாதவள் போல் நடித்துவிட்டு விடுதிக்கு வரும் மாணவிக்கு, அன்று செய்த வேலையைவிட நடித்த நடிப்பே அதிகக் களைப்பைத் தரும். இது மாதக் கணக்கில் நீடித்தால் நன்றாகப் படிக்கும் பெண்ணும் திடீரென்று ஒரு நாள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடுவாள். அப்போது சோம்பேறித்தனம் என்று திட்டாமல் டாக்டரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மனம் உடைந்த வேளையில் பேசுவதற்கு 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் டெலி மானஸ் சேவை இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1995-ஆம் வருஷச் சட்டத்தில் ஆட்டிஸத்தின் பெயரே இல்லை. 2016-ஆம் வருஷ மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சொல்லப்பட்ட 21 வகைகளில் அதுவும் ஒன்று. அரசாங்க உத்தியோகங்களில் மாற்றுத் திறனாளிகளுக்கு 4 சதவிகிதத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். அதில் ஒரு சதவிகிதத்தை ஆட்டிஸம் உள்ளவர்கள் வேறு சில பிரிவினரோடு பகிர்ந்துகொள்கிறார்கள். வேலைக்கு ஏற்ற நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு.

இதற்குச் சான்றிதழ் தேவை. இந்தியாவிலேயே தயாரித்த 40 கேள்விகள் கொண்ட அளவுகோலால் மதிப்பிட்டு, அரசாங்க மருத்துவக் குழு சதவிகிதம் போட்டுக் கொடுக்கும். சலுகைகளுக்கு 40 சதவிகிதமாவது இருக்க வேண்டும். மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கிடைக்கும்.

பெற்றோரின் தர்மசங்கடம் இங்கேதான் ஆரம்பமாகிறது. இந்திய நர்ஸிங் கவுன்சில் 2021-ல் வெளியிட்ட பி.எஸ்ஸி. நர்ஸிங் விதிகளில், ஒதுக்கீட்டு இடம் காலில் 40 முதல் 50 சதவிகிதம் வரை ஊனம் உள்ளவர்களுக்கு என்றே இருந்தது. ஆட்டிஸத்துக்கு இடம் சொல்லப்படவில்லை. சான்றிதழைக் காட்டினால் சலுகை கிடைக்காததோடு, உடல்தகுதி இல்லை என்று கதவையே சாத்திவிடுவார்களோ என்று பெற்றோர் அஞ்சுவது இயற்கை. காட்டாவிட்டாலோ, பெண்ணுக்கு வேண்டிய சின்ன உதவியைக்கூடக் கேட்க வாய் இராது.

ஒரு நல்ல திருப்பம் 2024 அக்டோபரில் வந்தது. எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர முயன்ற, பேச்சுக் குறைபாடு உள்ள ஒரு மாணவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. குறைபாட்டின் சதவிகிதத்தை மட்டும் பார்த்து ஒருவரைத் தள்ளிவிடக் கூடாது; அவரால் அந்தப் படிப்பைப் படிக்க முடியுமா என்பதை மருத்துவக் குழு ஆராய்ந்து சொல்ல வேண்டும் என்றது. அது டாக்டர் படிப்பைப் பற்றிய தீர்ப்பு. ஆனால் அதன் நியாயம் நர்ஸிங்குக்குப் பொருந்தாது என்று எவராலும் எளிதில் வாதாட முடியாது. விதிகள் மாறக்கூடியவை. சேரும் வருஷத்து விதியைப் படித்து, தேவையானால் ஒரு வக்கீலையும் கலந்துகொண்டு முடிவு செய்வதே விவேகம்.

சேர்ந்த பிறகு யாரிடம் சொல்வது? ஊர் முழுவதும் தமுக்கடிக்க வேண்டியதில்லை. பொறுப்பான ஓர் ஆசிரியை அல்லது ஹெட் நர்ஸ் ஒருவரிடம் சொன்னால் போதும். சொல்லும்போது வியாதியின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தாமல், தேவையைச் சொல்ல வேண்டும். "மேடம், செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிக் கொடுத்தால் ஒன்றும் விடாமல் செய்துவிடுவேன்" என்று கேட்கும் மாணவியிடம் யார் கோபிப்பார்கள்?

ஆஸ்பத்திரி செய்யக்கூடியவை

கேட்கும் உதவிகளுக்கு ஆகும் செலவு அதிகம் இல்லை. உத்தரவுகளை எழுத்தில் தருவது, டியூட்டி அட்டவணையைச் சில வாரம் முன்பே ஒட்டுவது, முதல் ஆறு மாதம் ஒரே மூத்த நர்ஸின் கீழ் வேலை செய்ய விடுவது, சாப்பாட்டு வேளையில் பத்து நிமிஷம் தனியே உட்கார ஓர் அறை தருவது, தவறைக் கூட்டத்தில் வைத்துக் கத்தாமல் தனியே அழைத்துத் தெளிவாகச் சொல்வது. இவற்றில் எது மற்ற நர்ஸ்களுக்கும் நன்மை தராதது?

நோயாளிகளுக்கும் இதனால் நன்மை உண்டு. மேரி டோஹெர்ட்டியும் சகாக்களும் 2022-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், டாக்டரிடம் போவதே கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னவர்கள் ஆட்டிஸம் உள்ளவர்களில் 80 சதவிகிதம். மற்றவர்களில் 37 சதவிகிதம். ஆஸ்பத்திரி விளக்கின் கூச்சத்தையும் திடீரென்று மேலே படும் கையையும் கண்டு மிரளும் ஒரு சிறுவனுக்கு ஊசி போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விளக்கைத் தணித்து, "இப்போது பஞ்சால் துடைக்கிறேன், அடுத்தது ஊசி, மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிடும், தம்பி" என்று படிப்படியாகச் சொல்லத் தோன்றுவது யாருக்கு? அந்த மிரட்சியைத் தானே அனுபவித்தவளுக்குத்தான்.

1859-ல் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் நர்ஸிங் பற்றி எழுதிய புத்தகத்தில், சத்தம் நோயாளிக்குச் செய்யும் தீங்கைப் பற்றியே ஓர் அத்தியாயம் இருக்கிறது. நோயாளிக்கு எது கெடுதல் என்று அவர் சொன்னாரோ, அதையேதான் நம் பெண்ணும் காதைப் பொத்திக்கொண்டு சொல்கிறாள்.

அத்தைக்கு நாம் சொல்லும் பதில் இது. எல்லோருக்கும் ஏற்ற வேலை அல்ல நர்ஸிங். ஆட்டிஸம் உள்ள எல்லோருக்கும் ஏற்றதும் அல்ல. ஆனால் பாட்டியின் மாத்திரையில் நிறம் மாறியதைக் கண்டு நிறுத்திய பெண்ணை, முகம் பார்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வாசலிலேயே திருப்பி அனுப்பினால், நஷ்டம் அவளுக்கு மட்டும் அல்ல. நாளைக்குக் கட்டிலில் படுத்திருக்கப் போகும் நமக்கும்தான்.